எல்லாம் என்றொரு ஃபோல்டர்

அந்தப் பொத்தானை அமுக்கிறாதீங்க தம்பி. மன்னிக்கணும், எட்டிப் பார்க்கணும் என்று பார்க்கவில்லை. பக்கத்து சீட்டுக்காரர் மடியில் டிவி மாதிரி ஒன்றைத் திறந்து வைத்திருந்தால் கண்ணு தானாகத்தானே போகும். 'அதே பெயரில் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது, மாற்றி வைக்கவா?' என்று கேட்கிறது பாருங்க. என்ன ஒரு மரியாதை! இந்தக் காலத்தில் பெற்ற பிள்ளை கேட்பானா இப்படி? அந்த மரியாதையில் மயங்கினவன் நான். வேண்டாம் என்று அமுக்குங்க. ஆங். இனி நிம்மதியாகப் பேசலாம்.

என் பேர் குற்றாலிங்கம். ஆர்.எம்.எஸ்.காரன். ரயில்வே மெயில் சர்வீஸ். தெரியாதா? தெரியாமல்தான் இருக்கும். தபால்காரரை நாட்டுக்கே தெரியும், பொங்கலுக்கு வேட்டிகூட எடுத்துக் கொடுப்பார்கள். ஓடுகிற ரயிலில் நின்றபடியே அவருக்குக் கடிதத்தைப் பிரித்துப் போட்டு அனுப்பியவனை எவனுக்கும் தெரியாது. முப்பத்தாறு வருஷம் அந்த வேலை பார்த்தேன். கடிதத்தைத் தூரத்தில் காட்டினாலே ஊரைச் சொல்லுவேன். கருப்பட்டி வாசனை அடித்தால் உடன்குடி. பிசுக்கென்று கையில் ஒட்டினால் ஸ்ரீவில்லிபுத்தூர், பால்கோவா தின்ற கையோடு எழுதியிருப்பான். ஒருதடவை, 'மூக்கு கொஞ்சம் நீளமான சித்திக்கு, கயத்தாறு பக்கம்' என்று மட்டும் எழுதி ஒரு கார்டு வந்தது. போய்ச் சேர்ந்தது தம்பி! எப்படி என்று கேட்காதீங்க, கேட்டால் இன்னொரு பஸ் ஏறவேண்டியிருக்கும். அந்தச் சித்தி, மூக்கைப் பற்றி எழுதியவன் நாசமாய்ப் போகட்டும் என்று பதில் கார்டு போட்டிருந்தாள். அதுவும் என் கை வழியாகத்தான் போனது. கார்டுதானே, கண்ணில் பட்டது.

எதற்குச் சொல்கிறேன் என்றால், விலாசம் என்றால் என்ன என்று எனக்கு ஒருத்தி பாடம் எடுத்தாள். எனக்கு!

ஓய்வு பெற்ற பிறகு எங்கள் சங்கத்தின் திருமணத் தகவல் மையத்துக்கு என்னைச் செயலாளர் ஆக்கினார்கள். ஆக்கினார்கள் என்றால், தேர்தல் அன்றைக்குச் சாப்பாட்டு நேரத்துக்கு முன்னாலேயே வந்திருந்தவன் நான் ஒருத்தன்தான். எந்தச் சங்கம் என்கிறீர்களா? பேர் எதுக்கு. ஆளாளுக்கு ஒரு சங்கம் இருக்கு. எல்லாச் சங்கத்திலும் மாப்பிள்ளை இஞ்சினியர், பொண்ணு மாநிறத்துக்கு மேலே, குடும்பம் கௌரவமானது. இரண்டாயிரத்து முந்நூறு பேர் எங்களிடம் பதிவு. ஒவ்வொருத்தருக்கும் ஒரு ஜாதகம், ஒரு போட்டோ.

அதையெல்லாம் கம்ப்யூட்டரில் வைத்துக் காப்பாற்றியது ஆவுடை என்கிற ஆவுடையம்மாள். முப்பத்தைந்து, முப்பத்தாறு வயது இருக்கும். பதினோரு வருஷமாக மையத்தில் வேலை. வீட்டில் அவளும் கண் மங்கிய அம்மாவும்தான்; அடுப்பு எரிவது இவள் வேலைக்கு வருவதால்தான். நல்ல பெண்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஒரே குறை, எல்லாவற்றுக்கும் விளக்கம் சொல்லுவாள்.

நான் பொறுப்பேற்ற முதல் நாளே சொன்னாள்: "அண்ணாச்சி, ஒண்ணு மட்டும் தெரிஞ்சுக்கோங்க. பட்டியலுக்குள்ள போட்டோ கிடையாது. போட்டோ எங்க இருக்குங்கிற வழி மட்டும்தான் இருக்கு. டி டிரைவ், அதுக்குள்ள வரன்னு ஒரு ஃபோல்டர், அதுக்குள்ள வருஷம், அதுக்குள்ள ஆண், பெண், அதுக்குள்ள நம்பர். பட்டியல் அந்த வழியிலேயே போய் போட்டோவை எடுத்துட்டு வரும். நடுவுல ஒரு ஃபோல்டரை மாத்தினாலும் வழி தப்பிப் போயிரும்."

"ஏ தாயி," என்றேன், "வழி சொல்லுதியா? யாருக்கு? கன்னியாகுமரியிலிருந்து விழுப்புரம் வரைக்கும் எத்தனை தபால் ஆபீஸ் இருக்குன்னு தூக்கத்துல எழுப்பிக் கேளு, சொல்லுதேன்."

"அது சரி அண்ணாச்சி. ஆனா வருஷா வருஷம் நம்பர் ஒண்ணிலிருந்துதான் ஆரம்பிக்கும். 2017-லயும் அஞ்சு இருக்கும், 2024-லயும் அஞ்சு இருக்கும். பெண்ணுலயும் அஞ்சு, ஆணுலயும் அஞ்சு. ரெண்டும் வேற வேற ஆளு. ஃபோல்டர்தான் அதைப் பிரிச்சுக் காட்டுது."

"எல்லாத் தெருவுலயும் அஞ்சாம் நம்பர் வீடு இருக்கும். இது ஒரு பெரிய கண்டுபிடிப்பாக்கும்?" என்றேன்.

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். அத்தோடு பாடம் முடிந்தது. வெள்ளிக்கிழமை தோறும் அந்த 'வரன்' ஃபோல்டரை அப்படியே கைக்கு அடக்கமான ஒரு கறுப்பு டிஸ்க்கில் இன்னொரு பிரதி எடுத்து பீரோவில் வைப்பாள். பேக்கப் என்பாள். ஒருநாள்கூடத் தப்பியதில்லை. எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் வேலை இல்லாதவர்கள் செய்கிற வேலை என்று தோன்றும்.

வைகாசியில் எங்கள் சங்கத்துக்கு மணமாலை விழா. தெரியுமில்லையா? மண்டபம் பிடித்து, பதிவு செய்தவர்கள் படத்தை வரிசையாகத் திரையில் காட்டி, மைக்கில் விவரம் வாசிப்பது. நானூறு குடும்பம் வரும். பாதிப் பேர் வரன் பார்க்க வருவார்கள், மீதிப் பேர் அடுத்தவன் பிள்ளைக்கு இன்னும் அமையவில்லை என்று உறுதி செய்துகொள்ள வருவார்கள். விழாவுக்கு நாலு நாள் இருக்கும்போது ஒரு கோடை இடி. பளீர், டமார். கம்ப்யூட்டர் கண்ணை மூடிவிட்டது.

எங்கள் தலைவர் மாசானமுத்து, பாத்திரக்கடை வைத்திருக்கிறார், உடனே புதுசு ஒன்று இறக்கினார். ஆவுடை தனியாக எடுத்து வைத்திருந்த பட்டியலைக் கடைக்கார ஆள் ஏற்றிக்கொடுத்துவிட்டுப் போய்விட்டார். போட்டோக்கள்தான் பாக்கி. அந்த நேரம் பார்த்து ஆவுடையின் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். மூன்று நாள் லீவு. ஆஸ்பத்திரியிலிருந்து போன் போடுகிறாள்.

"அண்ணாச்சி, நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம். ஞாயித்துக்கிழமை காலையில வந்து நானே வச்சிருதேன். பத்தே நிமிஷ வேலை."

"ஞாயித்துக்கிழமை விழா. ஏன், நான் வச்சா ஆகாதா?"

"சரி, வைக்கணும்னா ஒண்ணு. பீரோவுல இருக்கிற டிஸ்க்குல வரன்னு ஒரு ஃபோல்டர் இருக்கும். அதைத் திறக்காதீங்க. மூடின பொட்டி மாதிரி அப்படியே காப்பி பண்ணி டி டிரைவ்ல வைங்க. உள்ளுக்குள்ள மட்டும் கை வைக்காதீங்க அண்ணாச்சி. டிஸ்க்குல இருக்கிறது டிஸ்க்குலயும் இருக்கணும்."

திறக்காதே, கை வைக்காதே. முப்பத்தாறு வருஷம் அரசாங்க முத்திரை போட்ட பையைத் திறந்த கை இது. அரக்கு உடைத்துத் திறந்த கை!

வெள்ளிக்கிழமை மத்தியானம் தனியாக உட்கார்ந்தேன். திறந்தேன். உள்ளே பார்த்தால் பைக்குள் பை, அதற்குள் பை. எட்டு வருஷத்துக்கு எட்டுப் பை, ஒவ்வொன்றிலும் ஆண், பெண் என்று இரண்டு. மொத்தம் பதினாறு பை. எந்த ஆபீஸில் இப்படி வைப்பார்கள்? எங்கள் முறை என்ன? பை வந்தால் முதலில் மேஜையில் கொட்டணும். எல்லாம் ஒரே இடத்தில் கிடக்கணும். அப்புறம் நம்பர் பார்த்து அதுவே போகும். பையிலேயே வைத்துப் பூட்டிவைப்பதற்குப் பேர் பட்டுவாடா இல்லை, பதுக்கல்.

டி-யில் புதிதாக ஒரு ஃபோல்டர் போட்டேன். 'எல்லாம்' என்று பெயர் வைத்தேன். நல்ல பெயர். பதினாறு பையையும் ஒவ்வொன்றாக அதில் கொட்டினேன். இரண்டாவது பையைக் கொட்டும்போதே கேட்டது, நீங்கள் இப்போது பார்த்தீர்களே, அதே கேள்வி. 'அதே பெயரில் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது, மாற்றி வைக்கவா?' புதுசு வந்தால் பழசைத் தள்ளிவிட்டு வைப்பதுதானே முறை? ஒரு வீட்டில் குடியிருப்பவர் மாறினால் தபாலை யாரிடம் கொடுப்போம்? ஆமாம் என்றேன். மறுபடி கேட்டது. மறுபடி ஆமாம். கடைசியில் 'எல்லாவற்றுக்கும் இப்படியே' என்று ஒரு சின்னக் கட்டம் இருந்தது. அதில் டிக் அடித்துவிட்டு டீ குடிக்கப் போனேன். பெருந்தன்மையாகச் செய்த வேலை தம்பி.

காப்பி செய்யவில்லை, கட் செய்தேன். ஒரே கடிதம் இரண்டு பையில் இருந்தால் எங்கள் துறையில் விசாரணை வைப்பார்கள். பையைக் கொட்டிய பிறகு உள்ளே வெளியே திருப்பி உதறிக் காட்டணும், ஒரு கார்டு மூலையில் ஒட்டிக்கொண்டிருக்கக் கூடாது. அது விதி. அந்த டிஸ்க்கையும் அப்படித்தான் உதறி, காலிப் பைகளையும் அழித்து, சுத்தமாகப் பீரோவில் வைத்தேன். துடைத்துக்கூட வைத்தேன்.

பட்டியல் முதலில் கொஞ்சம் முரண்டு பிடித்தது. 'போட்டோ கிடைக்கவில்லை, எங்கே தேட?' என்றது. 'எல்லாம்' ஃபோல்டரைக் காட்டினேன். அடுத்த நிமிஷம் கிடைத்துவிட்டது! சும்மா விடுவேனா, சோதித்தும் பார்த்தேன். கடைசியாகக் கொட்டிய பையின் பெண்கள் பட்டியலில் ஒன்றாம் நம்பர், சரி. ஏழாம் நம்பர், சரி. இருபதாம் நம்பர், அச்சு அசல் அதே பெண். இதற்கு மேல் என்ன சோதனை? எண்ணிக்கைதான் கொஞ்சம் குறைச்சலாகத் தெரிந்தது. இரண்டாயிரத்து முந்நூறு இருக்கவேண்டிய இடத்தில் நூற்றித் தொண்ணூறு. புது மெஷின், நெருக்கி அடுக்கியிருக்கும் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை. மண்டபம் நிரம்பிவிட்டது. ஆவுடை அம்மாவைப் பக்கத்து வீட்டில் ஒப்படைத்துவிட்டு ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தாள். "வச்சாச்சா அண்ணாச்சி?" என்றாள். "எப்பவோ," என்றேன். சரி பார்க்க வேண்டும் என்றாள். அதற்குள் தலைவர் மைக்கைப் பிடித்துவிட்டார். அவர் மைக்கைப் பிடித்தால் விடுவிப்பது சுலபம் இல்லை.

"முதல் வரன். ஆண். வயது முப்பத்தொன்று. சிவில் இஞ்சினியர். உயரம் ஐந்தடி பத்து அங்குலம். கம்பீரமான தோற்றம்."

திரையில் ஒரு பெண். பட்டுப் புடவை, தலை நிறைய மல்லிகை, பின்னால் ஸ்டூடியோக்காரர் வரைந்த நீர்வீழ்ச்சி.

பின்வரிசையிலிருந்து எவனோ, "மாப்பிள்ளை லட்சணமாத்தான் இருக்காரு, மீசையை மட்டும் வளர்க்கச் சொல்லுங்க," என்றான். சிரிப்பு அடங்கவில்லை. தலைவர் அடுத்ததற்குப் போனார். "ஆண். வயது நாற்பத்தாறு. மறுமணம். ஒரு மகன் கல்லூரியில்." திரையில் போன வருஷம் டிகிரி முடித்த ஒரு சின்னப் பெண். அவளுடைய அப்பா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "ஏலே, எவன்ல எம் பொண்ணுக்கு மறுமணம் பண்ணது?" என்று மேடையை நோக்கி வந்தார். நீர்வீழ்ச்சிப் பெண் மட்டும் அன்றைக்கு ஆறு தடவை வந்தாள். ஆசிரியையாக, டிரைவராக, துபாயில் மேற்பார்வையாளராக. நாலாம் தடவை வந்தபோது சில பேர் கைதட்டவே ஆரம்பித்துவிட்டார்கள். அவளுடைய அம்மா மட்டும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

திரையை அணைத்தார்கள். கமிட்டி முழுக்க மண்டபத்து மணமகள் அறையில் கூடியது. வெளியே சத்தம். தலைவர் முகம் அவர் கடைச் செம்புக் குடம் மாதிரி ஆகிவிட்டது.

"யாரு செஞ்ச வேலை இது?"

நான் பொய் சொல்லவில்லை தம்பி. என் வாயிலிருந்து வந்தது ஒரே வாக்கியம். "கம்ப்யூட்டர், பேக்கப் எல்லாம் ஆவுடை பொறுப்பு." இதில் எந்த எழுத்து பொய்? அவள் பொறுப்புதானே? ஊரைக் கேட்டுப் பாருங்க.

ஆவுடை என்னைப் பார்த்தாள். நேராகப் போய் டிஸ்க்கை மாட்டிப் பார்த்தாள். காலி. பதினோரு வருஷம் தப்பாத வெள்ளிக்கிழமை, ஒரு வெள்ளிக்கிழமையில் காலி.

"நாளையிலிருந்து வராதே. அடுத்த ஞாயித்துக்கிழமை கமிட்டியில முடிவு சொல்லுதோம்," என்றார் தலைவர். "இந்த லட்சணத்துக்கு வேற எந்தச் சங்கத்துலயும் உன்னைச் சேர்க்க மாட்டான்."

"சரிங்க," என்றாள். "ஒண்ணே ஒண்ணு. இந்த டிஸ்க்கை அதுவரைக்கும் யாரும் தொடக்கூடாது. அழிச்சது உடனே அழியாது. இடம் காலின்னு மட்டும்தான் குறிச்சு வச்சிருக்கும். அதுக்கு மேல புதுசா எதையும் ஏத்தாம இருந்தா, எந்த ஃபோல்டர்ல எது இருந்துச்சோ அதே வழியோட திரும்ப எடுத்திரலாம்."

"அப்போ இது பத்திரமா இருக்கணும்," என்றார் தலைவர். பத்திரமான இடம் எது? செயலாளர் வீடு. என் கையில் கொடுத்தார்.

வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மேஜையில் வைத்தேன். எதிரே உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஒரு குணம், வீட்டில் ஒரு பொருள் காலியாக இருந்தால் மனசு பொறுக்காது. குடமானாலும் சரி, டப்பாவானாலும் சரி. அன்றைக்குச் சாயங்காலம் என் பணி நிறைவு விழா வீடியோ ஞாபகம் வந்தது. மூன்றரை மணி நேரம் ஓடும். மகனுடைய கம்ப்யூட்டரில் சும்மாதானே கிடக்கிறது என்று எடுத்து இதில் ஏற்றி வைத்தேன். அப்படியே பேத்திக்குக் காது குத்திய வீடியோவையும். இடம் நிறைய இருந்தது.

என்ன அப்படிப் பார்க்கிறீர்கள்? பயமா? எனக்கென்ன பயம். ஞாபகத்துக்கு வந்தது, ஏற்றினேன். மூன்றரை மணி நேர விழாவில் என்னைப் பற்றி எத்தனை பேர் பேசினார்கள் தெரியுமா. 'குற்றாலிங்கம் கை பட்ட கடிதம் ஒன்றுகூட வழி தப்பியதில்லை' என்று மேலதிகாரியே சொன்னார். அதை யாராவது பத்திரமாக வைக்கவேண்டாமா?

அடுத்த ஞாயிறு கமிட்டி. ஆவுடை யாரிடமோ இரவல் வாங்கிய லாப்டாப்போடு வந்தாள். கூடவே அவள் அம்மா, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு. வீட்டில் தனியாக விடமுடியாதாம். வெளியே வராந்தா பெஞ்சில் உட்கார வைத்திருந்தாள். கதவு திறந்தேதான் இருந்தது.

டிஸ்க்கை மாட்டினாள். காலியாக இருக்கவேண்டிய இடத்தில் என் விழா முழு நீளத்துக்குப் படுத்திருந்தது. கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு திறந்து வேலையை ஆரம்பித்தாள். தொலைந்ததைத் தேடுகிற ஏதோ ஒன்றை ஓடவிட்டாள். ஒன்றரை மணி நேரம். ஒருத்தரும் எழுந்து போகவில்லை. மெல்ல மெல்ல வர ஆரம்பித்தது தம்பி. வரன், 2017, ஆண், பெண் என்று அதே பைகள், அதே வரிசை, பையோடு முளைத்து வந்தன. நானே அழித்த பைகள். ஆயிரத்து அறுநூற்றுச் சில்லறை போட்டோ வந்துவிட்டது. மீதி எழுநூறு வரவில்லை. பேர் இருக்கிறது, வழி இருக்கிறது, திறந்தால் ஒன்றும் இல்லை.

"இது ஏன் வரல?" என்றார் தலைவர்.

"அந்த இடத்துல வேற ஒண்ணு வந்து உக்காந்திருச்சு," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

தலைவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுத் திரையருகே குனிந்தார். "பணி நிறைவு விழா. ஏத்தினது... ஞாயித்துக்கிழமை, சாயங்காலம் அஞ்சு பத்து. குற்றாலிங்கம், டிஸ்க்கு உம்ம வீட்லதானே இருந்துச்சு?"

மெஷினுக்கு இந்தப் புத்தி எதற்கு தம்பி? தேதி, மணி, நிமிஷம். எங்கள் தபால் முத்திரையிலாவது மை சரியாக விழாது, வேண்டிய தேதியை வாசித்துக்கொள்ளலாம்.

அதோடு விட்டாரா? மையத்துக் கம்ப்யூட்டரைத் திறந்து 'எல்லாம்' ஃபோல்டரையும் பார்த்தார். "இது உண்டானது வெள்ளிக்கிழமை மத்தியானம் மூணு நாப்பது. ஆவுடை, மூணு நாப்பதுக்கு நீ எங்க இருந்தே?"

அவள் வாயைத் திறக்குமுன் வராந்தாவிலிருந்து அவள் அம்மா சத்தம் கொடுத்தாள்: "எங் கண்ணுல மருந்து ஊத்திக்கிட்டு இருந்தா! அண்ணாச்சியைக் கேளுங்க, அந்நேரம் போன் போட்டு, பொத்தான் எந்தப் பக்கம்னு அவருதான் கேட்டாரு!"

கண்ணு தெரியாதவர்களுக்குக் காது இவ்வளவு நன்றாகக் கேட்கக்கூடாது.

அறையில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் எங்கள் துறை விதியைச் சொன்னேன். பையைக் கொட்டணும், உதறணும், காலிப் பையைத் திருப்பணும். அப்போதுதான் ஆவுடை முதல்தடவையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

"அண்ணாச்சி, உங்க கடிதத்துக்கு விலாசம் அதோட முதுகுலயே எழுதியிருக்கும். எங்க கொட்டினாலும், எத்தனை தடவை கொட்டினாலும், எடுத்துப் படிச்சுப் பிரிச்சிரலாம். இந்தப் போட்டோ மேல ஒண்ணும் எழுதலை. வெறும் அஞ்சுன்னு இருக்கு. அது இருந்த இடம்தான் அதுக்கு விலாசம். நீங்க விலாசத்தைக் கிழிச்சுப் போட்டுட்டுக் கடிதத்தை மட்டும் குவிச்சு வச்சீங்க."

முப்பத்தாறு வருஷத்தில் எனக்கு இப்படி ஒருத்தரும் சொன்னதில்லை. சொல்ல ஆள் இல்லை என்பது வேறு விஷயம்.

இரண்டு பேர் என்னை நீக்கவேண்டும் என்றார்கள். இரண்டு பேரும் எனக்குப் பிறகு செயலாளர் ஆகக் காத்திருந்தவர்கள், அதனால் மனசில் வைத்துக்கொள்ளவில்லை. தலைவர் ஆவுடையிடமே கேட்டார், நீ என்னம்மா சொல்லுதே என்று. அவள் என்ன சொன்னாள் தெரியுமா?

"நீக்க வேண்டாம். எழுநூறு போட்டோல நானூறுக்கு மேல போன்ல கேட்டு வாங்கிரலாம். மீதி இருநூத்தித் தொண்ணூறு வீடு. நம்பர் மாறிருச்சு, வீடு மாறியிருக்கு, சில பேரு மண்டபத்துல நடந்ததைக் கேள்விப்பட்டு இனி யாருக்கும் போன்ல அனுப்பமாட்டோம், கையிலதான் தருவோம்னு நிக்காங்க. ஒவ்வொரு வீடா தேடிப் போகணும். விலாசம் கண்டுபிடிக்கிறதுல அண்ணாச்சியை விட்டா யாரு இருக்கா?"

கேட்டீங்களா? அவள் வாயாலேயே ஒத்துக்கொண்டாள்! என்னை விட்டால் ஆள் இல்லை. கமிட்டி ஏகமனதாகத் தீர்மானம் போட்டது. பஸ் பாஸ்கூட எடுத்துக் கொடுத்தார்கள். பீரோச் சாவியும் டிஸ்க்கும் இனிமேல் ஆவுடையிடம்தான் இருக்கும் என்று இன்னொரு தீர்மானம். சின்ன விஷயம். எனக்குச் சாவி வைத்துக்கொள்ள எப்போதுமே பிடிக்காது.

முதல் வீடு முக்கூடல் பக்கம். பெண்ணின் அம்மா முற்றத்தில் உட்கார்ந்து பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். வாங்க என்றாள். மடியிலிருந்த பீடித் தட்டைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"சங்கத்திலிருந்து வாரேன். உங்க பொண்ணு போட்டோ ஒண்ணு வேணும்."

"ம். ஏன்?"

"கம்ப்யூட்டர்ல ஒரு கோளாறு."

"அப்புறம்?"

"பெரிய இடி. விழுந்து..."

"அப்புறம்?"

தண்ணீர்கூட வரவில்லை. இலையை வெட்டுகிறாள், தூளை வைக்கிறாள், சுற்றுகிறாள். ஆர்.எம்.எஸ். பற்றிச் சொன்னேன். கயத்தாறுச் சித்தி கதையைச் சொன்னேன். அசையவில்லை. கடைசியில் பொறுக்கமுடியாமல், "ஏன் தாயி, போட்டோ தருவியா மாட்டியா?" என்றேன். பக்கத்தில் கிடந்த போனை எடுத்து ஒரு தட்டுத் தட்டினாள். ஆவுடை குரல்.

"வணக்கம்மா. சங்கத்திலிருந்து ஒரு பெரியவர் வருவாரு. உங்க வீட்டுப் போட்டோவைத் தொலைச்சது நான்தான்னு அவரு வாயால சொல்லுவாரு. அதைச் சொன்னதுக்கு அப்புறம் போட்டோவைக் குடுங்க. சொல்லலைன்னா, மோர் மட்டும் குடுத்து அனுப்பிருங்க."

இருநூற்றித் தொண்ணூறு வீட்டுக்கும் போயிருக்கிறது தம்பி அந்தக் குரல். எப்படியோ எல்லா விலாசமும் கண்டுபிடித்து, என்னை முந்திக்கொண்டு. எனக்கே அந்தத் திறமையைப் பாராட்டத் தோன்றியது. வெளியே சொல்லவில்லை.

அன்றைக்கு மோர் குடித்துவிட்டுக் கிளம்பிவிடலாம் என்றுதான் எழுந்தேன். அந்த அம்மா உள்ளே பார்த்து, "ஏட்டி, மோர் கொண்டா," என்று குரல் கொடுத்தாள். டம்ளரோடு வந்து நின்றது அந்தப் பெண். எந்தப் பெண்ணுடைய போட்டோ தொலைந்ததோ, அதே பெண். முப்பத்திரண்டு வயது இருக்கும். அஞ்சு வருஷமாகப் பட்டியலில் இருக்கிறாள். அந்த வாரம் ஒரு மாப்பிள்ளை வீட்டார் மையத்தில் வந்து இவள் படத்தைக் கேட்டார்களாம், அங்கே காட்டுவதற்குப் படம் இல்லாமல் போய்விட்டதாம். அவளாகச் சொல்லவில்லை, அம்மாதான் தட்டைப் பார்த்தபடி சொன்னாள். மோர் டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டு அப்படியே நின்றேன்.

நூற்று எழுபது வீடு முடிந்துவிட்டது. இன்றைக்கு ஒன்பது. இதோ பாவூர்சத்திரம் வந்தாச்சு, நான் இறங்கணும். கொஞ்சம் காலை ஒதுக்குங்க. இதைச் சிரமம் என்று நினைக்காதீங்க, பழக்கம்தான் எல்லாம். முதல் வீட்டில் அந்த ஒரு வரியைச் சொல்ல எனக்கு முக்கால் மணி நேரம் ஆச்சு. இப்போதெல்லாம் வாசலில் ஒரு செருப்பைக் கழற்றுகிறதுக்குள்ளேயே சொல்லிவிடுகிறேன். மற்றச் செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று அவங்க சொல்லணும்.